சாலையோரத்து அச்சம்

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்கு ஓசூர்ச் சாலையைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும், மணவினைக்கும் இழவிற்கும் நம்மில் பெரும்பாலோர் அவ்வழியேதான் ஊர் திரும்புகிறோம். சில்க்போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டி, அத்திப்பள்ளியில் சுங்கம் செலுத்தி, ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், தருமபுரி என்று ஊர்ப் பெயர்களைப் பிள்ளைகள் வாய்ப்பாடுபோல் ஒப்பித்துக்கொண்டே வருவர். தொப்பூர்க் கணவாயை இறங்கிவிட்டால் பாதி வீடு வந்துவிட்டது என்பது எங்கள் இராசிபுரத்தார் கணக்கு.

அவ்வழியில் கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையே ஓரிடத்தில், சாலையின் இடப்புறம், இடுப்பளவு உயரமுள்ள செங்கல் மேடை ஒன்றின்மீது நொறுங்கிய கார் ஒன்று பல ஆண்டுகள் நின்றது. முன்பாதி என்று சொல்லத்தக்க எதுவும் அதற்கு இல்லை. ஓட்டுநர் இருக்கைக்கு மேலிருந்த கூரை, தகர டப்பாவைத் திறந்தாற்போல் பின்னோக்கிச் சுருண்டிருந்தது. அருகில் ஒரு பலகை: ‘வேகம் உயிரைக் குடிக்கும்’. எழுத்துகளில் குருதி வடிவதுபோல் ஓவியர் சிவப்புச் சாயத்தை ஒழுகவிட்டிருந்தார். அந்தக் காரை நம்முள் பலர் கண்டிருக்கக்கூடும். ‘ஐயோ!’ என்று சொல்லிக் கடந்திருக்கவும் கூடும்.

அது எம் மைத்துனருடைய கார்.

எம் துணைவியாரின் தம்பி அவர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணி. 2013-ஆம் ஆண்டு, இருபத்தொன்பதாம் வயதில், ஊரிலிருந்து திரும்பும் வழியில் விடியற்காலை மூன்று மணியளவில் இறந்தார். வழக்கு முடிந்து, காப்பீட்டுக் கணக்கும் முடிந்த பின்னர், அந்தக் காரைப் பற்றி வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. அடுத்த பொங்கலுக்குச் சென்றபோதுதான் மேடைமேல் அதைக் கண்டோம். வண்டியின் நிறத்தாலும், பின் கண்ணாடியில் அவர் ஒட்டியிருந்த முருகன் வேலினாலும் அடையாளம் தெரிந்தது. அதை அங்கே நிறுத்தியவர்களை யாம் குறை கூற வரவில்லை. பிற உயிர்களைக் காக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தினாலேயே நிறுத்தியிருப்பர். எங்களைக் கேட்டிருக்கலாம் என்பது மட்டுமே எம் துணைவியார் அன்று சொன்ன சொல்.

அன்றிலிருந்து ஒரு வினா எம்மை விட்டு அகலவில்லை. இத்தகைய காட்சிகள் உண்மையில் எவரையேனும் மெதுவாக ஓட்டச் செய்கின்றனவா?

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டெனப் பிரித்து, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன் நான்கு எனக் கூறுகிறார். அச்சம் பிறப்பது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினால். அணங்கு என்றது கண்ணுக்குப் புலனாகாத வருத்தும் ஆற்றல்; இறை என்றது அரசன், இன்றைய வழக்கில் தண்டிக்கும் அதிகாரம். கல்லூரியில் பி.ஏ. படித்த நாளில் தேர்வுக்காக மனனம் செய்த செய்தி இது. அந்த மேடையைக் கடக்கும்போதெல்லாம் இப்பட்டியல் நினைவுக்கு வரும் என்று அன்று யார் கண்டார்?

ஒரே கார்தான். அதைக் கண்ட எம் துணைவியார்க்கு இழவினால் பிறக்கும் அழுகை. முதன்முறை காண்பவர்க்குப் புதுமையினால் பிறக்கும் மருட்கை. வண்டியை ஓரங்கட்டி, அதன் முன் நின்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்ட இளைஞர் சிலரை யாமே கண்டோம். வேறு சிலர்க்கு இளிவரல். அருவருப்புற்று முகத்தைத் திருப்பிக்கொண்டனர். அச்சம் யாருக்குப் பிறந்தது? அப்போது எட்டு வயதினனாயிருந்த எம் மகனுக்குப் பிறந்தது. அவனோ வண்டி ஓட்டுபவன் அல்லன்.

இனி, எம்மைப் பற்றியே சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாயிருப்பினும் மறைப்பதற்கில்லை. 2017-ஆம் ஆண்டுத் தீபாவளிக்குச் சென்றபோது, வழக்கம்போல் அம்மேடை நெருங்குகையில் வேகத்தைக் குறைத்தோம். துணைவியார் கண்களை மூடிக்கொண்டார். கடந்தோம். காருக்குள் யாரும் பேசவில்லை. சிறிது நேரம் சென்றபின், பின்னிருக்கையிலிருந்து மகன் குனிந்து பார்த்துவிட்டு, “அப்பா, தொண்ணூத்தஞ்சுல போறீங்க” என்றான். அந்தப் பகுதிக்கு விதித்த வேகம் எண்பது. மேடையைக் கடந்து ஐந்து கிலோமீட்டர்கூட ஆகியிருக்கவில்லை. அந்தக் காரின் பொருளை எம்மைவிட அறிந்தவர் அச்சாலையில் வேறு எவர்? எமக்கே அதன் பயன் ஐந்து கிலோமீட்டர் என்றால், ‘ஐயோ!’ என்று கடப்பவர்க்கு எவ்வளவு? யாம் விரைந்ததன் காரணத்தைப் பின்னர் எண்ணிப் பார்த்தோம். அவ்விடத்திலிருந்து விலகி ஓட வேண்டும் என்னும் உந்துதலே எம் காலை அழுத்தியிருக்கிறது. அச்சம் கொண்டவன் ஓடுவான். ஊர்தியில் அமர்ந்து அஞ்சுபவன் ஊர்தியையே ஓட்டுவான்.

இது எம் ஒருவரின் பலவீனம் என்று முதலில் கருதினோம். பின்னர் படித்தறிந்த செய்திகள் வேறாக இருந்தன. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தார் 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல், நெடுஞ்சாலையின் மின்னணுப் பலகைகளில் அவ்வாண்டு சாலையில் மாண்டவர் எண்ணிக்கையைக் காட்டத் தொடங்கினர். மாதத்தில் ஒரு வாரம் மட்டுமே பெரும்பாலும் அதைக் காட்டினர். ஆகையால் காட்டிய வாரத்தையும் காட்டாத வாரங்களையும் ஒப்பிட வழி கிடைத்தது. ஹால், மேட்சன் என்னும் ஆய்வாளர் இருவர் ஒப்பிட்டு, 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டனர். பலகையைக் கடந்த பத்துக் கிலோமீட்டருக்குள் விபத்துகள் குறையவில்லை, ஏறத்தாழ 4.5 விழுக்காடு கூடியிருந்தன! சாவுக் கணக்கு உள்ளத்தைப் பற்றிக்கொள்ளவே, சாலைக்கு வேண்டிய கவனம் குறைந்தது என்பது அவர்கள் தரும் விளக்கம். அதைப் படித்தபோது, மகன் சொன்ன தொண்ணூற்றைந்து எம் காதில் மீண்டும் ஒலித்தது.

அச்சமூட்டிப் பாடம் புகட்டுவது பற்றிய ஆராய்ச்சி இதனினும் பழையது. 1953-இல் ஜானிஸ், ஃபெஷ்பாக் என்னும் இருவர், பல் தூய்மை பற்றிய சொற்பொழிவை மாணவர்க்கு மூன்று வகையாக நிகழ்த்தச் செய்தனர். ஒன்றில் அழுகிய ஈறுகளின் கொடிய படங்கள், ஒன்றில் நடுத்தரம், ஒன்றில் அச்சம் மிகக் குறைவு. மிகுதியும் அஞ்சி நடுங்கியவர் முதல் வகுப்பார். ஆனால் சொன்னபடி நடந்தவர் மிகுதியும் மூன்றாம் வகுப்பார். இதனை மறுத்தும் திருத்தியும் பின்வந்தோர் பலர் எழுதினர். அச்சம் பயன் தருவதும் உண்டு, அஞ்சியவன் கையில் உடனே செய்யத்தக்க செயல் ஒன்று இருக்குமாயின் என்பது அவர்களுள் பலர் ஒப்பும் முடிவு. செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது மனிதன் அச்சத்தை வெல்ல மாட்டான். அச்சமூட்டும் பொருளைக் காணாதிருக்கப் பழகிக்கொள்வான்.

சிகரெட்டு உறையின் படங்கள் பயன் தரவில்லையா என அன்பர்கள் வினவலாம். நம் நாட்டில் 2009-இல் வந்த அப்படங்கள் 2016 ஏப்ரல் முதல் உறையின் 85 விழுக்காட்டை அடைத்துக்கொண்டன. கருநாடக உயர்நீதிமன்றம் 2017 டிசம்பரில் அவ்விதியை நீக்க, அடுத்த மாதமே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது. அந்தப் படத்தைப் பார்ப்பவனுக்கு உறையை மீண்டும் பையில் வைத்துவிடும் வாய்ப்பு அக்கணமே கையில் உள்ளது. அவன் ஒரு கணம் திகைத்து நின்றால் தீங்கில்லை. எண்பதில் செல்பவன் ஒரு நொடி திகைத்தால் இருபத்திரண்டு மீட்டர் கடந்துவிடுகிறது.

நம் பெங்களூரிலும் முயற்சிகளுக்குக் குறைவில்லை. 2018 ஜூலையில் அல்சூர் கேட் போக்குவரத்துக் காவலர், எமதருமன் வேடமிட்ட கலைஞர் ஒருவரைச் சாலையில் நிறுத்தினர். கையில் கதை, தலையில் முடி, முறுக்கு மீசை. ஹெல்மெட்டு அணியாது வந்தோரை நிறுத்தி அவர் ரோசாப்பூக் கொடுத்தார். கரக விழாவிற்குப் பேர்போன தருமராயர் கோயில் அப்பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே வீற்றிருக்கும் தருமரின் தந்தையே தெருவுக்கு வந்துவிட்டார் என்று அலுவலகத்தில் நண்பர் ஒருவர் நகைத்தார். நகை! கூத்திலும் யட்சகானத்திலும் எமனைக் கண்டு பழகிய நம் மக்களுக்கு அவர் அச்சம் தரும் அணங்கு அல்லர், பாதி உறவினர். அவரிடம் பூ வாங்கியவன் சிரித்துக்கொண்டே போனான். ஆயினும் இந்த முயற்சியை யாம் எள்ளவில்லை. குருதி வடியும் எழுத்தைவிட அது மேலானது. யாருடைய பிணத்தையும் அது காட்டவில்லை. ‘தலையில் அணிந்துகொள்’ என்று செய்யத்தக்க ஒன்றையும் சொன்னது.

மறு ஆண்டு, 2019-இல், காவலர் உடை தரித்த பொம்மைகளைச் சந்திப்புகளில் நிறுத்தினர். முதல் நாள் மாலை மங்கிய ஒளியில் யாமும் ஏமாந்து ஸ்கூட்டரை நிறுத்தக் கோட்டுக்குப் பின்னே இழுத்தோம். சில நாள்களில் அதன் தோள்மீது காகம் அமர்ந்திருக்கக் கண்டோம். இறையின் உருவம் இருந்து, இறைமை இல்லாதவிடத்து அச்சம் எவ்வாறு நிற்கும்?

மெய்யான இறையின் ஆற்றலைக் காண வேண்டின் மைசூர்ச் சாலைக்குச் செல்க. 2023 மார்ச்சில் திறந்த அவ்விரைவுச் சாலையில் முதல் சில மாதங்கள் சாவுச் செய்தி இல்லாத வாரமே அரிதாயிருந்தது. செய்தித்தாள்களில் வந்த படங்களைவிடக் கொடிய எச்சரிக்கை வேறு வேண்டுமோ? அவற்றால் வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாளிலிருந்து இருசக்கர வண்டிகளையும் ஆட்டோக்களையும் முதன்மைப் பாதையில் தடுத்தனர். வேகத்தை அளக்கும் கருவியோடு காவலர் நின்றனர். பின்னர்த் தானாகவே படம் பிடித்து அபராதச் சீட்டு அனுப்பும் கேமராக்களும் வந்தன. 2024-இல் உயிரிழப்புகள் முந்தைய ஆண்டின் பாதிக்கும் கீழே இறங்கின. எம் அண்டை வீட்டார் ஒருவர், சாவுக்கு அஞ்சாதவர், நூற்றிருபதில் மைசூர் செல்வதைப் பெருமையாகச் சொல்பவர். இரண்டு அபராதச் சீட்டு வந்தபின் தொண்ணூறைத் தாண்டுவதில்லை. உயிர் போவது எப்போதோ, பிறர்க்கு. ஆயிரம் ரூபாய் போவது இன்று, தமக்கு!

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கதையும் இதனோடு சேர்ந்ததே. கொடூரமான விபத்துக் காட்சிகளைத் தொலைக்காட்சியில் காட்டுவதை அவர்கள் 1989 டிசம்பரில் தொடங்கினர். அவ்வாண்டில் 776 ஆக இருந்த சாலைச் சாவு 1992-இல் 396 ஆயிற்று. படத்தின் வெற்றி என்று உலகமே பேசியது. அதே காலத்தில் அங்கே வேகக் கேமராக்கள் பெருகின; குடித்து ஓட்டுவோரைச் சாலையில் நிறுத்தி மூச்சைச் சோதிப்பதும் பெருகியது. எதன் பங்கு எவ்வளவு என்று அறிஞர் பல்லாண்டு வாதிட்டனர். தனித்து நின்ற படம் அங்கும் இல்லை என்பது வரையில் உறுதி.

தொப்பூர்க் கணவாயை நாம் அறிவோம். தருமபுரியிலிருந்து இறங்கும் திசையில் சரிவும் வளைவும் சேர்ந்த இடம். 2024 ஜனவரியில் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பற்றி நால்வர் மாண்ட காட்சி, கேமராவில் பதிவாகி, நம் அனைவர் கைபேசிக்கும் வந்தது. எத்தனை முறை எத்தனை பேர் பார்த்திருப்போம்! ஆனால் அங்கே லாரி கட்டுக்கடங்காமல் போவதற்கு ஓட்டுநர் சாவுக்கு அஞ்சாதது காரணமன்று. டீசலை மிச்சம்பிடிக்க வண்டியை நியூட்ரலில் விட்டு இறங்குவது ஒரு காரணம். கியரின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கையே மிதித்து வருவதால் அது சூடேறிச் செயலற்றுப் போகிறது. இஞ்சினையும் நிறுத்திவிட்டால் காற்றழுத்தமும் குறைகிறது. எரிந்த லாரியின் படம் அந்த ஓட்டுநருக்கு எதையும் கற்பிக்காது. ‘சிறிய கியரில் இறங்கு’ என்னும் மூன்று சொல், இறக்கம் தொடங்குமுன், அவர் அறிந்த மொழியில் கிடைத்தால் கற்பிக்கும்.

இப்போது மேடைமேல் நின்ற காருக்கு மீள்கிறோம். எம் மைத்துனர் வேகத்தினால் இறக்கவில்லை. பழுதாகி நின்ற லாரி ஒன்று, பின்விளக்கும் ரிஃப்ளெக்டரும் இல்லாமல், சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு இருளில் நின்றது. அவர் சென்ற வேகம் அறுபதை ஒட்டியது என்றே வழக்கில் பதிவாயிற்று. அந்தக் கார் பத்து ஆண்டுகள் நின்று உலகுக்கு உரைத்த பாடம் பொய்ப் பாடம்! அதுமட்டுமன்று, இறந்தவன் அளவிறந்த வேகத்தில் சென்ற அறிவிலி என்று வழிப்போக்கர் ஆயிரவர் எண்ணிச் சென்றனர். துணைவியார் கண்களை மூடிக்கொண்டது சிதைந்த தகரத்தைக் காண இயலாமல் அன்று. அந்தப் பலகையைப் படிக்க இயலாமல் என்பதை எமக்கு அவர் பல ஆண்டுகள் கழித்தே சொன்னார். “ஏங்க, அவன் வேகமா ஓட்டமாட்டான்னு உங்களுக்குத் தெரியுமில்ல?” என்று கேட்டார். தெரியும் என்றோம். அவ்வளவே பேச்சு.

எம் மாமனார் அந்தக் காரை ஒருமுறைகூடக் கண்டதில்லை. பெங்களூருக்கு வர நேர்ந்தால் இரயிலில் வருவார். மகன் இறந்த மறு ஆண்டு, சேலத்தில் ஒரு கடையில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் சுருள்கள் வாங்கிவந்தார். இராசிபுரம் வட்டாரத்தில் தை, மாசி மாதங்களில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர்கள் இரவெல்லாம் சேகோ ஆலைகளை நோக்கிச் செல்லும். டிரெய்லரின் பின்புறம் மண்ணும் சேறும் அப்பியிருக்கும். விளக்கு இருந்தாலும் எரியாது. மாமனார் ஆலை வாயிலில் சென்று நிற்பார். வரிசையில் காத்திருக்கும் டிரெய்லரின் பின்பலகையைப் பழந்துணியால் துடைத்து, இரு மூலைகளிலும் ஒரு சாண் நீளம் ஒட்டிவிடுவார். காசு வாங்குவதில்லை. அறிவுரையும் சொல்வதில்லை. மகன் கதையை யாரிடமும் சொன்னதாக யாம் கேட்டதில்லை.

எம் மகன் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் அவருடன் செல்வான். தாய்வழிப் பாட்டனாரை எங்கள் பக்கத்தில் ‘அப்புச்சி’ என்போம். அப்புச்சி துடைப்பார்; இவன் கத்தரியால் வெட்டிக் கொடுப்பான். எட்டு வயதில் அந்தக் காரைக் கண்டு பல இரவுகள் உறக்கம் இழந்த பிள்ளை, பத்து வயதிலிருந்து கத்தரியோடு ஆலை வாயிலில் நின்றான். உறக்கம் எப்போது திரும்பியது என்று குறித்து வைக்கவில்லை. அந்த ஆண்டுகளில்தான் திரும்பியிருக்க வேண்டும்.

அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதலை வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வைத்தார். பிறரை வெருட்டுதல் பற்றிச் சொல்ல வந்தவிடத்து, அவ்வதிகாரத்திற்கு ‘வெருவந்த செய்யாமை’ என்று பெயரிட்டார். பலகை எழுதுவோர் இரண்டையும் படித்திருந்தால் நன்றாயிருக்கும் என எண்ணுவது உண்டு. நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலையில் மாண்டோர் 1,68,000-க்கும் மேல். 2023-இல் பெங்களூர் நகரில் மட்டும் 900-க்கும் மேல். இவற்றைக் குறைக்க எவர் எம்முயற்சி செய்யினும் கைகூப்பலாம். ஆனால் ஒவ்வோர் எண்ணும் ஒரு வீடு. அந்த வீட்டாரும் அதே சாலையில்தான் ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு அந்த மேடை வெறுமையாக இருந்தது. கார் துருப்பிடித்துச் சரிந்ததால் அகற்றினரோ, பழைய இரும்புக்குப் போட்டனரோ தெரியவில்லை. பலகை மட்டும் சாயம் வெளுத்து நின்றது. துணைவியார் வழக்கம்போல் கண்களை மூடிக்கொண்டார். “அம்மா, கார் இல்லம்மா இப்போ” என்றான் மகன். அவர் கண்களைத் திறக்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கு மகனே ஓட்டினான். உரிமம் பெற்று ஓராண்டு ஆகிறது. திரும்பும்போது இராசிபுரத்தில் புறப்படவே இரவு எட்டு மணியாயிற்று. சேலம் சாலையில் ஏறிச் சிறிது தொலைவு சென்றிருப்போம். எதிரே வந்த பேருந்தின் ஒளி கண்ணைக் கூசச் செய்து மறைந்தது. அந்த இருளில், முன்னே, நிலத்திலிருந்து இடுப்பளவு உயரத்தில் இரண்டு சிவப்புக் கோடுகள் மின்னின. கிழங்கு ஏற்றிய டிராக்டர். மகன் வேகத்தைக் குறைத்து, அதன் பின்னே சிறிது நேரம் மெதுவாகவே சென்றான்.

“வலப்பக்கத்துல கோணலா இருக்கு பாருங்கப்பா. அது நான் வெட்டினது” என்றான்.